தம்பியின் காய்ச்சலும் நாங்கள் நம்பிய ஓர் எண்ணும்

2022 நவம்பர் மழையில் வடசென்னையின் காலடிப்பேட்டையில் எங்கள் தெருவில் தண்ணீர் வடியாமல் நின்றுகொண்டிருந்த ஒரு மாலை, தம்பி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். என்னடா என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லக்கா, மழைக்கு லேசாக் குளிருது" என்றான். மூன்று வாரங்களாக அவன் வலது பக்கக் கடைவாய்ப் பல்லில் படாமல் இடது பக்கமாகவே மென்று சாப்பிட்டுக்கொண்டிருந்தான் என்பதும், மருந்துக் கடையில் பல்வலி மாத்திரை வாங்கி யாருக்கும் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தான் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அந்தக் குளிரை மழையின் குளிர் என்று நானும் நம்பினேன். அதற்கு நாங்கள் கொடுத்த விலை ஒரு மாத ஆஸ்பத்திரி வாசம். பிறவி இதயக் குறையும் அதனால் வந்த நுரையீரல் இரத்த அழுத்தமும் உள்ள ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இந்த அனுபவம் உதவக்கூடும் என்பதால் முழுமையாக எழுதுகிறேன்.

தம்பி 1988-இல் பிறந்தவன். இதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் இடையிலுள்ள சுவரில் பெரிய ஓட்டை இருப்பதாக அவனுடைய இரண்டாவது வயதில் சொன்னார்கள். அறுவை சிகிச்சை வேண்டும் என்றும் சொன்னார்கள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காலம் அது. "வளர வளர ஓட்டை தானா மூடிடும்" என்று பாட்டி சொன்னதைப் பிடித்துக்கொண்டோம். சிறிய ஓட்டைகள் பல தானாக மூடிக்கொள்வது உண்மைதான், ஆனால் அவனுடையது அந்த வகையல்ல. கைக்குழந்தையாக இருந்தபோது அடிக்கடி சளியும் நிமோனியாவும் வந்து, பால் குடிக்கும்போதே வியர்த்துக் களைத்துப்போகும் பிள்ளை, ஐந்து வயதுக்கு மேல் திடீரெனத் தேறியதுபோல் தெரிந்தான். சளி குறைந்தது, மூச்சு வாங்குவது குறைந்தது, கொஞ்சம் சதையும் போட்டது. பாட்டியின் வாக்கு பலித்துவிட்டதென்று திருவொற்றியூர் வடிவுடையம்மனுக்குப் பொங்கல் வைத்தோம்.

உண்மையில் அப்போதுதான் நோய் முற்றிக்கொண்டிருந்தது. ஓட்டை வழியாக இடது பக்க இரத்தம் வலது பக்கத்துக்குப் பாய்ந்து, தேவைக்கு அதிகமான இரத்தம் அதிக வேகத்தோடு நுரையீரலின் மெல்லிய தமனிகளில் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டே இருந்தது. அந்தத் தமனிகளின் உட்சுவரை மூடியிருக்கும் செல்கள் இந்த மோதலில் காயப்படுகின்றன. குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடை அவை குறைவாகவும், குழாயைச் சுருக்கும் எண்டோதீலினை அதிகமாகவும் சுரக்கின்றன. அதோடு நோய் எதிர்ப்பு அணுக்களையும் அந்த இடத்துக்கு அழைத்துவிடுகின்றன. கிருமி எதுவும் இல்லாமலேயே தமனிச் சுவரில் மெதுவான ஓர் அழற்சி, அதாவது உடலே காட்டும் வீக்க எதிர்வினை, நிலைகொள்கிறது. இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் புரதங்கள் கூடுகின்றன, தசை அடுக்கு தடிக்கிறது, குழாயின் உட்பாதை குறுகுகிறது. ஹீத், எட்வர்ட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1958-இலேயே இந்தச் சிதைவை ஆறு படிநிலைகளாக வகுத்துக் காட்டிவிட்டார்கள். தொடக்க நிலைகளில் ஓட்டையை மூடிவிட்டால் குழாய்கள் பெரும்பாலும் தேறிவிடும், முற்றிவிட்டால் தேறாது. குழாய்கள் குறுகியதால் நுரையீரலுக்குப் போகும் அதிகப்படி இரத்தம் குறைந்தது, அதனால்தான் சளியும் குறைந்தது. நாங்கள் குணம் என்று நினைத்தது கதவு மூடப்படும் ஓசை.

பதினான்காம் வயதில் உதடும் நகமும் நீலம் பாரிக்கத் தொடங்கின. தொடை வழியாகக் குழாய் விட்டு அழுத்தம் பார்த்த மருத்துவர், நுரையீரல் அழுத்தம் உடலின் இரத்த அழுத்தத்துக்குச் சமமாகிவிட்டது, இனி ஓட்டையை மூடக் கூடாது, இப்போது அந்த ஓட்டைதான் வலது இதயத்துக்கு வடிகால் என்று சொன்னார். இந்த நிலைக்கு ஐசன்மெங்கர் என்று பெயர். 1897-இல் விக்டர் ஐசன்மெங்கர் என்ற ஆஸ்திரிய மருத்துவர் முதலில் விவரித்தது. இந்தியாவின் முதல் இதய பைபாஸ் அறுவை சிகிச்சையை டாக்டர் கே.எம். செரியன் 1975-இல் செய்தது எங்கள் வீட்டிலிருந்து ஒரு பேருந்து தூரத்தில் இருக்கும் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான் என்று பிற்பாடு படித்தபோது, நான் வெகுநேரம் அழுதேன். மருத்துவம் பக்கத்திலேயே இருந்தும், காலத்தோடு போக வேண்டும் என்று எங்களுக்கு யாரும் புரியும்படி சொல்லவில்லை. கைக்குழந்தை பால் குடிக்கும்போது வியர்த்தால், எடை ஏறாவிட்டால், மாதத்துக்கு ஒரு முறை நெஞ்சுச்சளி வந்தால், தயவுசெய்து எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். பெரிய ஓட்டையைப் பெரும்பாலும் முதல் வயதுக்குள்ளேயே மூடிவிட வேண்டும். இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவை சிகிச்சை உண்டு, அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் பரிசோதனைக் குழுவே குழந்தையைக் கண்டுபிடித்து அனுப்பிவைக்கும் ஏற்பாடும் இருக்கிறது.

இனி அந்த நவம்பருக்கு வருகிறேன். காய்ச்சல் 100-ஐத் தாண்டவில்லை. மாலையில் குளிர், இரவில் தலையணை நனைய வியர்வை, காலையில் ஒன்றுமில்லாததுபோல் எழுந்து உட்காருவான். பக்கத்துக் கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஈ.எஸ்.ஆர். 2 என்று வந்தது. "ஈ.எஸ்.ஆர். இவ்வளவு கம்மியா இருக்கே, உடம்புல எந்த இன்ஃபெக்‌ஷனும் இல்லை, வைரல் ஜுரம்தான்" என்று சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று நாளைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். காய்ச்சல் நின்றது. ஐந்தாம் நாள் திரும்ப வந்தது. வேறு ஆன்டிபயாடிக், அது கிளாரித்ரோமைசின். அதைச் சாப்பிட்ட இரண்டாம் நாள் தம்பி குளியலறையில் தலைசுற்றி விழுந்தான். நுரையீரல் குழாயைத் தளர்த்த அவன் நாள்தோறும் மூன்று வேளை எடுக்கும் சில்டனாஃபில் உடலைவிட்டு வெளியேறுவதை அந்த மருந்து தடுத்துவிடும் என்றும், அதனால் இரத்த அழுத்தம் இறங்கிவிடும் என்றும் பிறகுதான் தெரிந்தது. மூன்றாவது முறை காய்ச்சல் வந்தபோது விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், வழக்கமாக 84, 85 காட்டுவது, 77 காட்டியது. அதற்குமேல் நான் காத்திருக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த மருத்துவர் அம்மாவின் முதல் கேள்வி ஈ.எஸ்.ஆர். தாளைப் பற்றியதுதான். "இந்தத் தம்பிக்கு ஹீமோகுளோபின் 20 இருக்கும்மா. இவருக்கு ஈ.எஸ்.ஆர். பார்த்து என்ன பிரயோஜனம்?" என்றார். நான் விழித்ததைப் பார்த்து, மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் காட்டி விளக்கினார். ஈ.எஸ்.ஆர். என்பது, குழாயில் நிறுத்திவைத்த இரத்தத்தில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகின்றன என்ற கணக்கு. உடலில் அழற்சி இருந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி விரைவாக இறங்கும், எண் கூடும். ஆனால் ஆக்சிஜன் குறைவை ஈடுகட்ட இவன் உடல் சிவப்பணுக்களை அளவுக்கு மேல் உற்பத்தி செய்திருக்கிறது. நெரிசலில் நிற்கும் கூட்டத்துக்குள் யாரும் நகர முடியாததுபோல், உள்ளே எவ்வளவு பெரிய அழற்சி இருந்தாலும் அணுக்கள் இறங்குவதில்லை. எண் 2 என்றே நிற்கும்.

அன்று எடுத்த சி.ஆர்.பி. 64 என்று வந்தது. கல்லீரல் சுரக்கும் அழற்சிப் புரதம் அது, சிவப்பணுக்களின் நெரிசல் அதைப் பாதிப்பதில்லை. இதில் இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். சில ஆய்வகங்கள் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுதுகின்றன, சில ஆய்வகங்கள் டெசிலிட்டருக்கு எழுதுகின்றன. 64 என்பதும் 6.4 என்பதும் ஒரே அளவாக இருக்கலாம். இரண்டு ஆய்வகத் தாள்களை வைத்துக்கொண்டு குறைந்துவிட்டது என்று மகிழ்வதற்கு முன் அலகைப் படியுங்கள். அதோடு, இந்த நோய் உள்ளவர்கள் சிலருக்கு நன்றாக இருக்கும் நாளிலேயே சி.ஆர்.பி. சற்றுக் கூடுதலாக இருக்கும். அதனால் காய்ச்சல் இல்லாத ஒரு நாளில் ஒரு முறை எடுத்து எழுதிவைப்பது நல்லது. தம்பிக்கு நல்ல நாளில் 5 என்பது இப்போது எங்களுக்குத் தெரியும்.

அடுத்து இரத்தக் கல்ச்சர். கிருமி இரத்தத்தில் இருந்தால் பாட்டிலில் வளர்த்துக் கண்டுபிடிக்கும் சோதனை இது, வெவ்வேறு குத்தலில் மூன்று முறையாவது எடுக்க வேண்டும், முதல் ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு முன் எடுக்க வேண்டும். நாங்களோ இரண்டு வகை ஆன்டிபயாடிக் முடித்துவிட்டுப் போயிருந்தோம். முதல் பாட்டில்களில் எதுவும் வளரவில்லை. அவன் நிலை தாங்கும் அளவில் இருந்ததால் மருந்தை நிறுத்தி, சில நாள் கழித்து மறுபடி எடுத்தபோதுதான் விரிடன்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வளர்ந்தது. வாயில் குடியிருக்கும் கிருமி. எக்கோவில் வலது பக்கத்து மூவிதழ் வால்வின் ஓரத்தில் சின்னதாக ஒரு சதைத் துணுக்கு ஆடிக்கொண்டிருந்தது. சொத்தைப் பல்லின் அடியில் கட்டியிருந்த சீழிலிருந்து கிருமி இரத்தத்தில் ஏறி, இதயத்தின் உட்புறத்தில் ஒட்டி வளர்ந்துவிட்டது. கிளினிக்கில் கொடுத்த அரைகுறை மருந்து அதைக் கொல்லவில்லை, எங்கள் கண்ணிலிருந்து மறைத்தது.

செஃப்ட்ரியாக்சோன் ஊசி, நாளுக்கு 2 கிராம், நான்கு வாரம். அந்த நான்கு வாரத்தில் நான் அதிகம் பார்த்தது சொட்டு மருந்துக் குழாயைத்தான். முதல் நாள் இரவு, குழாயின் நடுவில் அரிசி அளவு ஒரு காற்றுக்குமிழி நின்றுகொண்டிருந்தது. பணியிலிருந்த செவிலியர் ஓடிவந்து குழாயை மடித்துப் பிடித்து, விரல் நகத்தால் சுண்டிச் சுண்டி அந்தக் குமிழியை மேலே ஏற்றி வெளியேற்றியதை என் உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன். மற்றவர்களுக்கு அந்தச் சின்னக் குமிழி நுரையீரலில் தங்கிக் கரைந்துவிடும். நுரையீரல் ஒரு வடிகட்டி. இவனுக்கோ ஓட்டை வழியாக இரத்தத்தின் ஒரு பகுதி வடிகட்டியைத் தொடாமலே உடலுக்குப் போய்விடுகிறது, குமிழி நேரே மூளைக்கு ஏறலாம். மறுநாளிலிருந்து குழாயில் காற்று வடிகட்டி மாட்டினார்கள். காற்றுக்கு உள்ள அதே வழி கிருமிக்கும் இரத்தக் கட்டிக்கும் உண்டு. நீலம் பாரித்த இதயநோய் உள்ளவருக்குக் காய்ச்சலோடு விடாத தலைவலியோ வாந்தியோ, ஒரு பக்கக் கைகால் தளர்ச்சியோ வந்தால் அது மூளையில் சீழ்க்கட்டியாக இருக்கக்கூடும். அன்றைக்கே ஸ்கேன் எடுக்க வேண்டும், தைலம் தடவிப் படுக்கவைக்கக் கூடாது.

காய்ச்சலில் ஆக்சிஜன் ஏன் இறங்கியது என்பதையும் அந்த மருத்துவர் அம்மாவே சொன்னார். தொற்றின் அழற்சியில் உடலின் இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன, நுரையீரலின் தடித்த குழாய்களால் அப்படி விரிய முடியாது. எந்தப் பக்கம் எளிதோ அந்தப் பக்கம் இரத்தம் ஓடும். ஆகவே ஓட்டை வழியாக ஆக்சிஜன் குறைந்த நீல இரத்தம் உடலுக்குப் போகும் இரத்தத்தில் அதிகமாகக் கலக்கிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு, மே மாதத்து வெயில் என உடலின் நீர் வற்றும் எதுவும் இதையே செய்யும். அதனால் இப்போது காய்ச்சல் என்றால் முதல் வேலையாக இளநீரோ கஞ்சித் தண்ணீரோ கொடுத்துவிடுகிறோம், பாராசிட்டமால் கொடுக்கிறோம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் எங்கள் வீட்டில் இல்லை. அழற்சியைக் குறைக்கும் மாத்திரைதானே என்று தம்பி நினைத்திருந்தான். ஆனால் அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும், உடலில் நீரைத் தேக்கும், ஏற்கெனவே இரத்தக் கசிவுக்கு வாய்ப்புள்ள இவர்களுக்கு அதைக் கூட்டும். பல்வலியை மறைத்து எங்களை மூன்று வாரம் ஏமாற்றியதும் அந்த மாத்திரைதான்.

நோயின் மூலத்தில் அழற்சி இருக்கிறதென்றால் அழற்சிக்கு மருந்து கொடுத்தால் என்ன என்று நானும் கேட்டேன். இன்டர்லூகின்-6 வேலை செய்வதைத் தடுக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்தை நுரையீரல் தமனி அழுத்தம் உள்ளவர்களுக்குப் பிரிட்டனில் கொடுத்துப் பார்த்தார்கள், எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. ஸ்டீராய்டும் இந்த நோய்க்கு மருந்தல்ல. கைவசம் இருப்பவை குழாயைத் தளர்த்தும் மருந்துகள்: சில்டனாஃபில், தடாலாஃபில் ஒரு வகை, போசென்டான், மாசிடென்டான் இன்னொரு வகை, புரோஸ்டாசைக்ளின் வழி மருந்துகள் மற்றொன்று. போசென்டான் எடுப்பவர்கள் மாதந்தோறும் கல்லீரல் சோதனை செய்ய வேண்டும். சில்டனாஃபில் எடுப்பவர்களுக்கு நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது, அவசர வார்டில் இதை நீங்களேதான் சொல்ல வேண்டியிருக்கும். அழற்சியை அடக்குவதாகச் சொல்லி ஒரு சூரணத்தை எங்களிடம் நல்லெண்ணத்தோடு கொண்டுவந்த உறவினர் உண்டு. வாங்கி வைத்துக்கொண்டோம், கொடுக்கவில்லை.

இரும்புச் சத்து விஷயத்தில் அழற்சி இன்னொரு முறை எங்களை ஏமாற்றப் பார்த்தது. சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில், ஹீமோகுளோபின் 21 இருக்கிறது, இரத்தம் கெட்டியாகிவிட்டது என்று மூன்று முறை இரத்தத்தை உடலிலிருந்து இறக்கிவிட்டிருந்தார்கள். அந்த 21 அவனுடைய உடலுக்குத் தேவையான அளவு. தலைபாரம், கண் மங்கல் போன்ற தொந்தரவு இருந்து, உடலில் நீர் குறையவில்லை என்றும் உறுதியான பிறகு, அரிதாகத்தான் இரத்தம் இறக்க வேண்டும். சும்மா இறக்கினால் இரும்பு தீர்ந்துபோய், அணுக்கள் சிறுத்து விறைத்து, பக்கவாதத்துக்கு வழி உண்டாகிறது. ஆஸ்பத்திரியில், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்தபோது நல்ல அளவில்தான் இருந்தது. ஆனால் அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் தானாக ஏறிவிடும் என்று சொல்லி, இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் பார்க்கச் சொன்னார்கள். அது 9 சதவீதம். 20-க்குக் குறையக் கூடாத எண். ஹீமோகுளோபின் 20 உள்ள மனிதனுக்கு இரும்புக் குறைபாடு என்றால் யார் நம்புவார்கள்? மெதுவாக இரும்பு கொடுத்த பிறகு, மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்றவன் ஓர் இடத்தில் நிற்கிறான்.

பல்லை ஒரு மாதம் கழித்து, இதய மருத்துவரின் கடிதத்தோடு, அரசு பல் மருத்துவக் கல்லூரியில் எடுத்தோம். காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரலில் இறங்கிவிடலாம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை ரயில் வந்ததிலிருந்து, லிஃப்டில் ஏறி லிஃப்டில் இறங்குவதால் அவனுக்கு மூச்சு வாங்குவதில்லை. பல் எடுப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் அமாக்சிசிலின் 2 கிராம், ஒரே வேளை. இரத்தம் உறையும் நேரம் பார்க்கும் சோதனையில் முதலில் ஏறுமாறாக எண் வந்தது. கெட்டியான இரத்தத்தில் பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதி குறைவு என்பதால், சோதனைக் குழாயில் இரத்தம் உறையாமலிருக்கச் சேர்த்துள்ள சிட்ரேட்டையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். குறைத்து எடுத்ததும் எண் சரியாக வந்தது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல் மருத்துவரிடம் காட்டுகிறோம். இவர்களுடைய ஈறு எளிதில் வீங்கி இரத்தம் கசியும். கசிகிறதே என்று பல் துலக்குவதை விட்டால் கிருமி கூடும், அழற்சி கூடும். மெல்லிய பிரஷ், காலையும் இரவும், தவறாமல்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி, மருத்துவர் சொன்ன கணக்கில் நிமோனியா தடுப்பூசி. போகி அன்று டயர் எரியும் புகைக்கு முந்தின நாளே ஆவடியில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அவனை அனுப்பிவிடுகிறோம். கொசுவர்த்திச் சுருள் கிடையாது, வலைதான். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் ஓடிய செய்தி வந்ததிலிருந்து, மருந்து, ஆக்சிமீட்டர், மருத்துவரின் கடிதம் மூன்றும் உள்ள ஒரு பை கதவோரத்தில் மாட்டியிருக்கிறது. வடசென்னையின் காற்றை எங்களால் மாற்றிவிட முடியாது, பை எங்கள் கையில் இருக்கிறது.

கடிதம் என்று சொன்னேனே, அது ஒரே தாள். தமிழிலும் ஆங்கிலத்திலும் நோயின் பெயர், வழக்கமான ஆக்சிஜன் 84 முதல் 86, வழக்கமான ஹீமோகுளோபின் 20, நல்ல நாளின் சி.ஆர்.பி. 5, எடுக்கும் மருந்துகள், கொடுக்கக் கூடாதவை, ஈ.எஸ்.ஆரை நம்ப வேண்டாம், ஊசிக் குழாயில் காற்று வடிகட்டி வேண்டும், ஆன்டிபயாடிக்குக்கு முன் கல்ச்சர் எடுக்க வேண்டும் என்று எழுதி, இதய மருத்துவர் கையெழுத்திட்டது. ஆக்சிஜன் 84 இருப்பதைப் பார்த்துப் பதறிப்போய் வேண்டாத வைத்தியம் செய்வதையும், 78-ஐப் பார்த்து இவருக்கு எப்போதும் இப்படித்தான் என்று விட்டுவிடுவதையும் அந்த ஒரு தாள் தடுக்கிறது.

சென்ற மாதம் அவனுக்கு மறுபடி காய்ச்சல், 101. கிளினிக்கில் மாத்திரை எழுதத் தொடங்கியபோது தம்பியே பையிலிருந்து தாளை எடுத்து நீட்டி, "சார், மொதல்ல கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துக்குங்க, அப்புறம் மருந்து குடுங்க" என்றான். அவரும் பொறுமையாகப் படித்துவிட்டு, இங்கே வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரிக்கே போங்கள் என்று அனுப்பிவைத்தார். மூன்று முறை எடுத்த கல்ச்சரிலும் ஐந்து நாள் வரை எதுவும் வளரவில்லை, சி.ஆர்.பி. 14 வரை போய் இறங்கியது, சாதாரணச் சளிக்காய்ச்சல்தான். நேற்றுக் காலை ஐந்து நிமிடம் உட்காரவைத்து, கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஆக்சிமீட்டரை மாட்டினேன். 85. நோட்டில் எழுதிவிட்டேன்.